கண்ணாடி வழி வந்த வெயில்

அந்தக் கடை இப்போது இல்லை. அதே இடத்தில் குளியலறைக் குழாய்கள் விற்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு சின்ன சந்தோஷத்தோடு உட்காருவேன். பெங்களூரில் எத்தனையோ நல்ல கடைகளை இழுத்து மூடிவிட்டார்கள். அவற்றுக்காக வருத்தப்படுகிறவர்கள் படட்டும். இது ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே மூன்று வருஷம் சம்பளம் வாங்கியவள் நான். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். தொம்மலூர் பழைய ஊருக்குள் எங்கள் வீடு. சுற்றிலும் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் அம்மா தரை துடைத்தாள். நான் பி.காம். முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்துதான் இந்த பெட் ஷாப்புக்குப் போனேன். ஊருக்குள் நான்கு கிளைகள், எல்லாக் கிளையிலும் ஒரே நிறத்தில் பெயர்ப் பலகை, எல்லோருக்கும் ஒரே பச்சை டீ-ஷர்ட். நாய்க்குட்டி, பூனைக்குட்டி, மீன், லவ் பேர்ட்ஸ் எல்லாம் இருந்தன. புதிதாக ஒரு மூலையில் ஆமைக் குஞ்சுகளும் இரண்டு இகுவானாக்களும் வந்திருந்தன. இகுவானா என்றால் வெளிநாட்டுப் பச்சை ஓணான், அவ்வளவுதான். வளர்ந்தால் ஆள் நீளம் வரும் என்பதைக் கடையில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

"டிகிரி படிச்சிட்டு ஓணானுக்குச் சோறு ஊட்டப் போறியா? இதுக்கா நான் அத்தினி மாடி தொடச்சேன்?" என்றாள் அம்மா.

அந்த மூலையை என்னிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், மற்றவர்கள் தொட மாட்டேன் என்று சொன்னதுதான். வாசலில் நின்ற செக்யூரிட்டிக்காரர் இகுவானாவைப் பார்த்து, "ஏனம்மா இது, ஓதிக்யாத்தாவ காசு கொடுத்தா வாங்குவாங்க? எங்க ஊர்ல கல்ல எடுத்து அடிப்போம்" என்று சிரித்தார். ஓதிக்யாத்தா என்றால் கன்னடத்தில் ஓணான். அவரைத் தவிர அந்தக் கடையில் உண்மை பேசியவர் யாருமில்லை என்று பிறகு தோன்றியது.

எங்கள் வீட்டில் புத்தரைக் கும்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவோடு உட்கார்ந்து, எந்த உயிரையும் துன்புறுத்த மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவேன். போனவுடன் முதல் வேலை, இரவில் செத்துப்போன ஆமைக் குஞ்சுகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவது. நாய்க்குட்டிகளுக்காகவும் வாடிக்கையாளர்களுக்காகவும் ஏசி நாள் முழுக்க ஓடும். குளிரில் விறைத்துப்போகிற பிராணிகளை அதற்கு நேர் கீழே வைத்திருந்தோம். நான் இதைச் சொன்னபோது மேனேஜர், "நீ ஸ்வெட்டர் போட்டுக்கோம்மா" என்றார். நான் குளிருக்கு அழுகிறேன் என்று நினைத்தாரா, கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். வாடிக்கையாளர் முன்னால் ஆங்கிலம், எங்களிடம் தமிழ். முன்பு சோப்புக் கம்பெனியில் விற்பனையில் இருந்தவர். ஓர் உயிரையும் சோப்பையும் ஒரே மாதிரி அலமாரியில் அடுக்கத் தெரிந்தவர். எனக்கு அவர் கொடுத்த பயிற்சி அரை மணி நேரம். ஹெட் ஆபீஸிலிருந்து வந்த ஒரு பக்கத் தாளைக் கையில் கொடுத்து, "இதுல இருக்கிறத மட்டும் சொல்லுங்க. இதுங்களுக்கு ஒண்ணுமே வேணாம், நாய் மாதிரி நடக்கக் கூட்டிட்டுப் போக வேணாம், குலைக்காது, அதச் சொன்னாலே வித்துரும்" என்றார். தாளில் ஏழு வரிதான் இருந்தது. இகுவானாவுக்குக் கோஸ், வெள்ளரிக்காய் போடவும். தண்ணீர் வைக்கவும். வெளிச்சம் படும் இடத்தில் வைக்கவும். அந்த மாதிரி.

வாங்க வந்தவர்களையும் நான் சும்மா விட மாட்டேன். புது ஃப்ளாட் வாங்கியவர்கள் வாஸ்துவுக்கு என்று ஆமை கேட்டு வருவார்கள். வடக்குப் பார்த்து வைக்க வேண்டுமாம். பித்தளைத் தட்டில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி, அதில் உயிருள்ள ஆமையை வைத்து, ஓட்டின் மேல் குங்குமம் இட்டு, அது வடக்கே பார்க்காமல் நகர்ந்துவிடுகிறது என்று என்னிடமே வந்து புகார் சொன்ன ஒரு அம்மாளை எனக்குத் தெரியும். இன்னொரு குடும்பம், தங்கள் வீட்டில் மீன், புழு எதுவும் நுழையக் கூடாது என்று ஆமைக் குஞ்சுக்குத் தயிர்சாதம் போட்டார்கள். கண் இரண்டும் வீங்கி மூடிப்போய், டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். "எங்க ஆச்சாரம் இதுக்கு ஒத்துக்கலை" என்றார் அந்த வீட்டுக்காரர், ஏதோ ஆமைதான் முறை தவறி நடந்துகொண்டது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைப் பார்த்தேன். ஆமை என்ன தின்னும் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவர்களைத் திட்ட எனக்கு வாய் இருந்தது, யோக்கியதை இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் அவர் வந்தார். முப்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. மற்றவர்கள் போல் கண்ணாடியைத் தட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து இரண்டு இகுவானாக்களையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"நீங்க தமிழ்தான மேடம்? அப்ப நல்லதாப் போச்சு. அவரு இங்கிலீஷ்ல என்னென்னமோ அடிச்சுவிடுதாரு, நம்ப முடியல. நீங்க சொல்லுங்க, இத வளர்க்க என்னென்ன செய்யணும்?"

இந்த ஊரில் ஆட்டோவில் ஏறினாலும் வீடு தேடினாலும் தமிழ் பேசுகிறவன் தன்னை ஏமாற்ற மாட்டான் என்று நம்புவது தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் வழக்கம். இங்கேயே பிறந்த எங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஆனால் நம்பப்படுவது யாருக்குத்தான் பிடிக்காது? தாளில் இருந்த ஏழு வரியையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். போதாதென்று தோன்றியது. நன்றாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கடையிலேயே தொட்டி முகப்புக் கண்ணாடியை ஒட்டித்தானே இருக்கிறது, சாயங்காலம் முழுக்க வெயில் அடிக்கிறதே என்று நினைத்து, என் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டேன்.

"வெயில் வர்ற ஜன்னல் ஓரமா வைங்க சார். ஆனா கண்ணாடிய மட்டும் சாத்தியே வைங்க, இல்லன்னா ஓடிப்போயிடும். வெயிலுக்கு வெயிலும் ஆச்சு, பத்திரமும் ஆச்சு."

அதையும் எழுதிக்கொண்டார். அடியில் கோடு போட்டார். கோடு போட்டதை நான் பார்த்தேன்.

மார்ச் மாதம், அவர் ஒன்றை வாங்கிப் போன பிறகு கடையில் மிஞ்சியிருந்த இகுவானா நடுங்க ஆரம்பித்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. மேனேஜரிடம் காட்டினேன். "ஸ்டோர் ரூம்ல வை, கஸ்டமர் கண்ணுல படக் கூடாது" என்றார். மருத்துவரிடம் காட்டலாமா என்றேன். விற்பனைக்கு உள்ள பிராணியை மருத்துவரிடம் கொண்டுபோவது கம்பெனி வழக்கமில்லை என்றார். அன்று சாப்பாட்டு இடைவேளையில், டிபன் பையில் அதைப் போட்டுக்கொண்டு அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். இது ஒன்றுதான் அந்த வருஷம் நான் செய்த உருப்படியான காரியம், அதனால் சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டர் ஐம்பது வயது அம்மாள். மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் நின்று வேலை பார்ப்பவர். கன்னடத்தில் ஆரம்பித்து, என் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். தாடையை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். அது ரப்பர் போல வளைந்துகொடுத்தது.

"எலும்பே இல்லம்மா இதுக்கு. கரைஞ்சு போச்சு. எங்க வெச்சிருந்தீங்க?"

"நல்ல வெயில்லதான் டாக்டர். கண்ணாடி பக்கத்துல."

"கண்ணாடிக்கு உள்ளயா, வெளியிலயா?"

உள்ளே என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணாடி நடுவுல வந்துச்சுன்னா சூடு வரும், வெளிச்சம் வரும், எலும்புக்கு வேண்டியது வராது. அத கண்ணாடி புடிச்சு வெச்சுக்கும். நேர் வெயில்ல வைம்மா. இந்த ஊர்ல வெயிலுக்கு என்ன பஞ்சம்? தினம் அரை மணி, ஒரு மணி. பக்கத்துல கொஞ்சம் நெழல். கோஸ நிறுத்து. முருங்கக் கீர, அகத்திக் கீர போடு." கால்சியம் சிரப் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டு வந்தேன். மடியில் இருந்ததை நினைத்து அல்ல. இன்னொன்று மூன்றாம் மாடியில் சாத்திய ஜன்னலோரம் இருந்தது, நான் சொல்லி.

மேனேஜரிடம் போய் நின்றேன். வாங்கியவர்களுக்கு போன் போட்டுச் சொல்லிவிடலாம் சார், ஒரே ஒரு வரிதான், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னால் போதும் என்றேன்.

"உனக்குக் கிறுக்கா? ஒருத்தருக்குப் போன் போட்டா, அவன் ஆமை வாங்கினவன் மீன் வாங்கினவன் எல்லார்கிட்டயும் சொல்லுவான். அத்தனை பேரும் டப்பாவத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. அடுத்த மாசம் உனக்கு கன்ஃபர்மேஷன் வருதில்ல? பேசாம வேலையப் பாரு."

ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்பது ஒப்பந்தம். அம்மா முட்டி தேய்ந்துபோய் வேலையை விடும் நிலையில் இருந்தாள். இதைக் காரணமாகச் சொல்கிறேன், சமாதானமாக அல்ல. முட்டி தேய்ந்த அம்மா இருக்கிற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவதில்லை.

கடை இகுவானாவைப் பழைய லவ் பேர்ட்ஸ் கூண்டில் போட்டு, தினம் சாப்பாட்டு நேரத்தில் கடை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். மேலே பாதிக்கு ஒரு கோணி. பக்கத்து வீட்டு முருங்கை மதில் தாண்டி எங்கள் மாடிக்கே கிளை நீட்டியிருந்தது, கீரைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பத்து நாளில் நடுக்கம் நின்றது. மூன்றாவது வாரம் கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவ்வளவு சுலபமா? ஒரு மொட்டை மாடி, ஒரு மணி நேரம், கொஞ்சம் கீரை. இதைச் சொல்லாமலா இருக்கிறேன்? மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, தேத்திட்டியே" என்று திரும்ப முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அந்த மனிதரை அன்று வெறுத்த அளவு நான் யாரையும் வெறுத்ததில்லை.

அன்றே வாடிக்கையாளர் ரிஜிஸ்டரிலிருந்து அந்தத் திருநெல்வேலிக்காரரின் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, எதிர்ப்புறப் பெட்டிக்கடையில் தொங்கிய காயின் போனுக்குப் போனேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். கடைப் பெயரைச் சொன்னதும் குரலில் அப்படி ஒரு மலர்ச்சி.

"ஏங்க, நானே வரணும்னு நெனச்சேன்! சூப்பரா இருக்குங்க. நீங்க சொன்ன மாதிரியே ஜன்னல் பக்கத்துல வச்சேம்லா. நல்லாக் குண்டடிச்சிருச்சு. தொடையெல்லாம் கொழுகொழுன்னு, கன்னம் ரெண்டும் உப்பி, பொம்ம மாதிரி இருக்கு. ஓடியாடுறதே இல்ல, சமத்தா ஒரே எடத்துல உக்காந்திருக்கு. ஆபீஸ்ல எல்லார்ட்டயும் போட்டோ காட்டுதேன்."

எலும்பு கரைகிற பிராணிக்குத் தொடை வீங்கும், தாடை உப்பும் என்று எனக்கு அப்போது தெரியும். என் கையாலேயே தொட்டுப் பார்த்தவள். வாயைத் திறந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம், கடை வாசலில் மேனேஜர் டீ கிளாஸோடு நின்றிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"அப்படியாங்க. நல்லது சார். சும்மா, கஸ்டமர் ஃபீட்பேக்குக்காகக் கூப்பிட்டேன்" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. எந்தக் கடையில இப்படிக் கூப்பிட்டு விசாரிக்காங்க?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். சாலையைக் கடந்து கடைக்குள் போய் ஆமைத் தொட்டியைக் கழுவினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளங்கையில் இருந்த நம்பர் இரண்டு நாளில் அழிந்துபோனது. ரிஜிஸ்டர் என்னவோ அங்கேயேதான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்தார். கையில் ஷூ பெட்டி. உள்ளே பூத்துவாலை விரித்து, அதன் மேல் அது. துவாலையின் நுனி ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. பின்னங்கால் ஒன்று தப்பான பக்கம் திரும்பியிருந்தது. வாய் மூட முடியாமல் தொங்கியது. கண் மட்டும் உயிரோடு என்னைப் பார்த்தது.

"காலையில கையில எடுத்தேன். மெதுவாத்தான் எடுத்தேன். டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றார். துவாலை நுனியை இன்னொரு தடவை சரிசெய்தார்.

மேனேஜர் வந்தார். பெட்டிக்குள் ஒரு பார்வை, அவ்வளவுதான். தப்பான சாப்பாடு கொடுத்திருப்பீர்கள் என்றார் ஆங்கிலத்தில். திருநெல்வேலிக்காரர் நோட்டை எடுத்தார். தேதி போட்டு, என்ன கொடுத்தார், எவ்வளவு தின்றது என்று நாள்தோறும் எழுதி வைத்திருந்தார். எங்கள் தாளில் சொன்னதற்கு மேல் ஒரு வெள்ளரித் துண்டு கூட இல்லை. மேனேஜர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போய், கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"கண்ணாடிய சாத்தி வைக்கணும்னு எழுதியிருக்கீங்களே, இது எங்க பேப்பர்ல இல்லியே. இத யார் சொன்னா?"

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் பச்சை டீ-ஷர்ட்டையும், என் முகத்தையும் பார்த்தார். என் வேலை போய்விடும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நானா எழுதினது சார். ஓடிரக் கூடாதேன்னு நானாத்தான் சாத்தினேன்" என்றார்.

"பாத்தீங்களா" என்றார் மேனேஜர், வெற்றியோடு.

அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. டாக்டர் ஒருவரைத் தெரியும், நான் கூட்டிப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். மேனேஜர் முறைத்தார். கண்டுகொள்ளாமல் கிளம்பினேன். இவ்வளவு செய்தாலே கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒரு நப்பாசை. ஆட்டோவில் அவர், "நீங்க எதுக்கு மேடம் கஷ்டப்படுதீங்க, உங்களுக்குத் தெரியாம நடந்ததுதான" என்று எனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். முதுகெலும்பை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "இதுவும் ஒடஞ்சிருக்கு. வலியிலதான் இருக்கு. இதுக்கு மேல வெச்சிருக்கிறது பாவம்" என்றார். பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்மா, நீதான அன்னைக்கு டிபன் பையில ஒண்ணக் கொண்டு வந்தவ? அது என்னாச்சு, பொழச்சுதா?"

"பொழச்சிடுச்சு டாக்டர்."

"அப்பவே இவர்கிட்டயும் சொல்லக் கூடாதா? ஒரு மாசத்துக்கு முன்னாடி வெயில்ல வெச்சிருந்தா இதுவும் நிமிந்திருக்குமே."

திருநெல்வேலிக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அது எப்பங்க, நீங்க இங்க வந்தது?"

"மார்ச் முதல் வாரம்" என்றேன்.

நோட்டைத் திறந்தார். எதையோ தேடினார். நான் போன் செய்த நாளையும் எழுதி வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடையிலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன் என்று இரண்டு வரி. தேதி மார்ச் இருபத்தெட்டு.

"அப்ப எதுக்குங்க போன் பண்ணீங்க?"

"இதச் சொல்லத்தான் பண்ணேன்."

"சொல்லலியே."

அவர் கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். மேனேஜரை, கம்பெனியை, அம்மாவின் முட்டியை எல்லாம் இழுத்துப் போட்டிருப்பேன். அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்து தயாராக நின்றது. அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். இவர் துவாலையோடு அதைத் தூக்கி, உடைந்த கால் அசையாதபடி உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளலாம் என்று கிட்டே போனேன்.

"வேணாம். நீங்க வெளியில இருங்க" என்றார்.